நோட்டில் இல்லாத வரி

"உங்க சித்தப்பா என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "டைல்ஸ் கடையில இருக்கார்" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். இது அம்மா எனக்குப் போட்டிருந்த சட்டம். அது பொய்யும் இல்லை. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் ஒரு டைல்ஸ் கடையில்தான் அவர் வேலை பார்த்தார். முடிச்சூர் பக்கம் வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகிக்கொண்டிருந்த காலம். குளியலறைக்கு எந்த டைல்ஸ், பூஜை அறைக்கு எந்த டைல்ஸ் என்று வருகிறவர்களுக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா மறைக்கச் சொன்னது எங்கள் மொட்டை மாடி அறையில், ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்கு மனப்பாடம். நாட்டிய உடுப்புக்கு வாங்கும் வெள்ளி ஜரிகைத் துணியில் தைத்த ஒரு கோட்டு. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைப்பவர், பழைய டயரை அடுக்கடுக்காக ஒட்டி அரைச் சாண் உயர்த்திக் கொடுத்த ஒரு ஜோடி பூட்ஸ். காணாமல் போய்விட்டது என்று அம்மா வீடெல்லாம் தேடிய கண்மை டப்பா. ரோஸ் பவுடர். அப்புறம் ஜிகினாத் தூள், ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய. அதைப் புருவத்திலிருந்து கன்னம் வரைக்கும் பட்டையாக இழுத்துக்கொண்டு, எலெக்ட்ரிக் கிட்டாரையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் அவர் என் சித்தப்பா மாதிரியே இருக்க மாட்டார்.

கிட்டார், ரயில்வே காலனியில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. கூடவே ஒரு கட்டு இசைத்தட்டு உறைகளும் வந்தன. உறைகளில் வெள்ளைக்கார ஆண்கள் கண்மை தீட்டி, உதட்டுச் சாயம் பூசி, பெண்கள் போடுகிற பளபளப்பில் நின்றார்கள். "இதுக்குப் பேரு கிளாம் ராக், பாப்பா. வேஷம் போட்டாத்தான் இவங்களுக்கு உண்மை வாயில வரும்" என்பார் சித்தப்பா. அப்பா அதைக் கோமாளி ராக் என்பார்.

மற்றவர்கள் பாட்டை அவர் பாடமாட்டார். எல்லாம் அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டது. மொத்தம் பதினோரு பாட்டு. மின்சார ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறும் மகாராணியைப் பற்றி ஒன்று, பீர்க்கன்கரணை ஏரியில் விழுந்து வெளியே வர மனமில்லாமல் கிடக்கும் நட்சத்திரத்தைப் பற்றி ஒன்று, இப்படி. எழுத்துதான் கோழி கிளறியதுபோல இருக்கும். நான் அப்போது நாலாவது படித்தேன். கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். அதனால் அந்தப் பதினோரு பாட்டையும் ஒரு கோடு போட்ட நோட்டில் இங்க் பேனாவால் நான்தான் பிரதி எடுத்தேன். அவர் பாடும்போது ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வருவேன். ஒரு வார்த்தை மாற்றினாலும் விடமாட்டேன். "நோட்டுல அப்படி இல்ல" என்று நிறுத்திவிடுவேன். அவரும் "சரிங்க மேடம்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். சிடி வந்தால் அட்டையில் 'எழுத்து: பாப்பா' என்று போடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சாயந்திரம் மேடையில் ஆர்கெஸ்ட்ரா. அதில் ஒரே ஒரு பாட்டு பாடச் சந்தர்ப்பம் கேட்டு சித்தப்பா ஒரு வாரமாக அந்தக் குழுத் தலைவரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கடைசியில் சொன்னார்: "தம்பி, ஜனங்க தெரிஞ்ச பாட்டைத்தான் கேப்பாங்க. வேணும்னா மத்தியானம் மைக் டெஸ்டிங்குக்கு நீ ரெண்டு பாட்டு பாடிக்கோ."

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டிருப்பார்கள். சித்தப்பா மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். "கூழுக்கு எவ்ளோ கூட்டம் நிக்கும் தெரியுமா பாப்பா? ஓடவும் முடியாது, கையில பாத்திரம் இருக்கும். இதவிட நல்ல ஆடியன்ஸ் யாருக்குக் கெடைக்கும்?"

பதினோரு மணிக்கே முகத்துக்கு வேலை ஆரம்பித்தது. நான் கண்ணாடி பிடித்தேன். இரண்டு மணி வெயிலில் வெள்ளிக் கோட்டும் உயரமான பூட்ஸுமாக அவர் தெருவில் இறங்கி நடந்தார். நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனேன். எங்கள் தெரு நாய்கள் தபால்காரரைக்கூட விடாதவை. அன்றைக்கு ஒன்றும் குரைக்கவில்லை. படுத்திருந்தவை எழுந்து ஓரமாகப் போய் நின்றுகொண்டன.

மேடையில் ஏறியதும் கூட்டம் சிரித்தது. "டேய், ஜிகினா வந்துட்டான்டா!" என்று பையன்கள் விசில் அடித்தார்கள். சித்தப்பா கண்டுகொள்ளாமல் மகாராணி பாட்டை ஆரம்பித்தார். மைக் கீச்சென்று கத்தியது. வெயிலில் ஜிகினா உருகி, கண்மையோடு சேர்ந்து கழுத்து வரைக்கும் வழிந்தது. முதல் சரணம் முடிவதற்குள் பாதிப் பேர் மறுபடியும் கூழ் அண்டாவின் பக்கம் திரும்பிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பம்பை சத்தம் கேட்டது. காலையில் கரகத்துக்கு அடித்துவிட்டு வேப்பமர நிழலில் படுத்திருந்த பம்பைக்காரர்களில் ஒருவர் எழுந்து, வாத்தியத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு மேடைக்கு எதிரே வந்து நின்றார். கிட்டாரின் தாளத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. தன் பாட்டுக்கு ஒரு டிரம்மர் கிடைத்துவிட்டான் என்று நினைத்தார். பம்பைக்காரர் நினைத்தது வேறு. முகமெல்லாம் வழிய, தலையை ஆட்டிக்கொண்டு, ஆணா பெண்ணா என்று தெரியாமல் நிற்கிற ஆளைப் பார்த்தால் அவர் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாமி வருகிறது; இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். அவர் வேகம் கூட்ட, சித்தப்பா வேகம் கூட்டினார். சித்தப்பா கூட்டக் கூட்ட அவரும் கூட்டினார்.

நான் மேடைக்குக் கீழே நின்று விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சரணம், மூன்றாம் வரி. நாலாம் வரிக்கு விரல் போனது. அங்கே எழுதியிருந்தது வேறு. சித்தப்பா பாடியது இது:

"சனிக்கிழமை வந்துடுறேன், தாப்பா போடாதம்மா."

மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. குரலும் மாறவில்லை, அதே சித்தப்பா குரல்தான். மாறியிருந்தால்கூட எனக்கு இப்போது இவ்வளவு உதறாது. "நோட்டுல அப்படி இல்ல!" என்று நான் கத்தினேன். என் சத்தம் யாருக்குக் கேட்கும்?

வரிசையில் நின்றிருந்த இஸ்திரிக்கார அம்மாவின் தூக்கு கீழே விழுந்து கூழ் கொட்டியது. எங்கள் தெருவில் எல்லார் துணிக்கும் அவர்தான் இஸ்திரி போடுவார். அவருடைய ஒரே மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறான் என்று ஒரு தகவலும் இல்லை.

"எம்புள்ள! எம்புள்ளதாம்மா பேசறான்!" என்று அலறிக்கொண்டு அவர் கூட்டத்தைப் பிளந்து ஓடி வந்தார். "எம்மாம் நாளா ஒன்னாண்ட கேட்டுகினு கீறேன், இன்னிக்குத்தான் வாயத் தொறந்தியா ஆத்தா!" என்று மேடையேறி சித்தப்பாவின் பூட்ஸைக் கட்டிக்கொண்டார். யாரோ குடத்து மஞ்சள் தண்ணீரை சித்தப்பாவின் தலையில் ஊற்றினார்கள். தண்ணீர் கிட்டாரில் விழுவதைப் பார்த்த சவுண்டுக்காரர் பாய்ந்து வந்து மெயினைப் பிடுங்கினார். கையில் எலுமிச்சம்பழம் திணித்தார்கள், முகத்துக்கு நேரே கற்பூரம் ஏற்றினார்கள். சற்று முன்னால் விசில் அடித்த பையன்கள் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள்.

"நான் இன்னும் முடிக்கலீங்க. இன்னொரு சரணம் இருக்குங்க" என்று சித்தப்பா எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பிடித்துக்கொண்டார். "உண்மையச் சொல்லு. அந்தம்மா கதை தெரிஞ்சுதானே அப்படிப் பாடின? விளையாடற விஷயமாடா இது?"

"நான் என்ன பாடினேன்ணா? என் பாட்டைத்தானே பாடினேன்" என்றார் சித்தப்பா.

நான் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். எனக்கு அப்போது இருந்ததெல்லாம் ஒரு வாத்தியாரின் எரிச்சல்தான். "நாலாவது வரிய மாத்திட்டீங்க" என்று சொல்லி, அவர் பாடியதைப் பாடிக் காட்டினேன். அவர் வரியைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். அவருடைய முழங்கையில் மயிர் குத்திட்டு நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பா எழுந்து போனார். தொலைக்காட்சியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அந்த வாரம் முழுக்க இஸ்திரிக்கார அம்மா கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. சனிக்கிழமை இஸ்திரி வண்டியை எடுக்காமல், வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தார். வாசனை எங்கள் மொட்டை மாடி வரைக்கும் வந்தது. எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி சுமாருக்கு ஒரு வெள்ளை வேன் வந்து அந்த வாசலில் நின்றது. கதவு திறந்தே இருந்தது. இஸ்திரிக்கார அம்மா வெளியே ஓடி வந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தடதடவென்று கீழே ஓடினேன்.

"சித்தப்பா! வந்துட்டாரு! நீங்க பாடுன மாதிரியே சனிக்கிழமையே வந்துட்டாரு!"

கடைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, இலைக்கு முன்னால் உட்காராமல் நேராகக் குளியலறைக்குப் போய், எண்ணெயும் சோப்பும் போட்டு முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்தார். அன்றைக்கு முகத்தில் ஜிகினா இல்லவே இல்லை.

வேனிலிருந்து அவனை நான்கு பேர் இறக்கினார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி வருகிற வழியில், நெல்லூர் தாண்டி ஒரு லாரி அடித்துவிட்டதாம். பையில் இருந்த துண்டுச் சீட்டை வைத்து விலாசம் கண்டுபிடிக்க ஐந்தாறு நாள் ஆகியிருக்கிறது. அடிபட்டது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி வாக்கில். வேனோடு வந்த போலீஸ்காரர் இந்த நேரத்தைச் சொன்னபோது அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இத நீ வெளியில மூச்சு விடக் கூடாது" என்று அம்மா என் காதைத் திருகினாள்.

காரியமெல்லாம் முடிந்து இஸ்திரிக்கார அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். தாம்பூலத் தட்டை சித்தப்பாவின் காலடியில் வைத்து விழுந்தார். திட்டுவார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அநாதைப் பொணமா எங்கியோ பூடாம, எம்புள்ளைய என் வூட்டாண்ட கொணாந்து சேத்தியே ஆத்தா. அது போதும் எனுக்கு." சித்தப்பா காலை இழுத்துக்கொண்டு, மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லை. அனகாபுத்தூரிலிருந்துகூட வந்தார்கள். தொலைந்த நகை, வராத வரன், கிடைக்காத விசா. "நான் பாட்டுக்காரன்ங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் சொன்னால், "ஆத்தா சோதிக்கிறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பதினோரு பாட்டில் ஒன்றைப் பாடுங்கள் என்று ஒருவர் கேட்கவில்லை. அம்மாவே மாறிவிட்டாள். அதுவரை "தம்பி, அந்தக் குடத்தை எடு" என்று வேலை வாங்கியவள் "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவருடைய டிபன் பாக்ஸில் முட்டை வைப்பதை நிறுத்திவிட்டாள்.

சித்தப்பா பாடுவதையே விட்டார். குளிக்கும்போது முணுமுணுப்பதுகூட இல்லை. வாய் திறந்தால் யார் வீட்டுச் சாவு வெளியே வருமோ என்று அவருக்கு நடுக்கம். எனக்கோ என் பெயர் அட்டையில் வராமல் போகிறதே என்று கவலை. அப்படித்தான் இருந்தேன் நான்.

மூன்று மாதம் கழித்து டைல்ஸ் கடைக்கு ஒரு போன் வந்தது. குரோம்பேட்டையில் சொந்த வீட்டு மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் பேசினார். மைக் டெஸ்டிங் அன்றைக்கு சவுண்டுக்காரர் ஒரு கேசட்டை ஓடவிட்டிருந்தாராம். அது கை மாறி அவரிடம் போயிருந்தது. அவருக்குக் கோயிலும் தெரியாது, சனிக்கிழமையும் தெரியாது. வெறும் பாட்டை மட்டும் கேட்டிருக்கிறார். இன்னும் பத்துப் பாட்டு இருக்கிறது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். "இந்த மாதிரி தமிழ்ல யாரும் பண்ணலீங்க. பதினோரு பாட்டும் எடுத்துடலாம், திங்கக்கிழமை வாங்க" என்றவர், கடைசியாக, "அந்தத் தாப்பா வரி இருக்கே, பிரமாதம்" என்றாராம்.

சித்தப்பா அன்றைக்குக் கடையிலிருந்து நடந்தே வந்தார். என்னை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டார். "என் பாட்டைப் பாட்டுன்னு கேட்ட ஒரே ஆள் இவர்தான் பாப்பா. போகலைன்னா நான் செத்தவனுக்குச் சமம். ஆனா அங்க போயி இன்னொரு வீட்டு எழவைப் பாட நான் தயாரா இல்ல." அதனால் ஒரு பரீட்சை வைப்பது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் ஒரு வளைகாப்புக்குப் போயிருக்கும்போது, முழு வேஷத்தோடு பதினோரு பாட்டையும் பாடுவார். நான் நோட்டில் விரல் வைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு வரி வெளியிலிருந்து வந்தாலும் போகமாட்டார், கிட்டாரையும் விற்றுவிடுவார். "நீதான் ஜட்ஜ்" என்றார்.

ஞாயிறு மத்தியானம். ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டிருந்தோம். அறை முழுக்க ரோஸ் பவுடர் வாசனை. முதலில் அந்த மகாராணி பாட்டு. இரண்டாம் சரணத்தின் நாலாம் வரியில் விரலை அழுத்தி வைத்தேன். எழுதியபடியே வந்தது. இரண்டு, மூன்று, நான்கு. அவருக்கு மூச்சு சீரானது, முகம் தெளிந்தது. பத்துப் பாட்டு ஒரு எழுத்துப் பிசகாமல் முடிந்தது. பதினோராவது, ஏரியில் விழுந்த நட்சத்திரம். கடைசிச் சரணம். என் விரல் கடைசி வரியைத் தொட்டு நின்றது. பாட்டு முடியவில்லை. இன்னும் ஒரு வரி வந்தது.

"பதினோரு பாட்டும் முடிஞ்சதும் என் குரல எடுத்துக்குவே."

இப்படித்தான் என் காதில் விழுந்தது. கிட்டார் நின்றது. சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் போர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியா இருந்துதா பாப்பா?"

நான் கணக்குப் போட்டேன். இதில் கிழமை இல்லை. கதவு இல்லை. அம்மா என்று யாரையும் கூப்பிடவில்லை. யார் வீட்டுக்கும் வேன் வர வழியில்லை. பாட்டு முடிந்தால் குரலும் நிற்கத்தானே வேண்டும், இதில் என்ன அதிசயம்? ஆமாம் என்று சொன்னால் அட்டையில் என் பெயர் வரும். இல்லை என்றால் கிட்டார் போய்விடும்.

"எல்லாம் நோட்டுல இருக்கறதுதான்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சிரித்தார். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். என் சட்டையெல்லாம் ஜிகினா.

சாயந்திரம் எனக்கு பயம் வந்துவிட்டது. பொய்ச் சத்தியம் செய்தால் கண் அவிந்துபோகும் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வரி நோட்டில் இருந்துவிட்டால் அது பொய்யாகாதே! இங்க் பேனாவில் இங்க் தீர்ந்திருந்தது. அப்பாவின் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் அந்த வரியை முத்து முத்தாக எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை அவர் முழு வேஷத்தோடு கிளம்பினார். ஒன்பது மணி மின்சார ரயில் கூட்டத்தில் வெள்ளிக் கோட்டும் கிட்டாருமாக ஏறியவரைப் பார்த்து ஜனங்கள் இடம் விட்டு நின்றதாக, அதே வண்டியில் போன பக்கத்து வீட்டு அண்ணா வந்து சொன்னார். சாயந்திரம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தார். "எப்படிங்க போச்சு?" என்று அம்மா கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது.

அம்மா மிளகுப் பால் கொடுத்தாள். தாம்பரத்தில் தொண்டை டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, "கத்திப் பாடி நரம்பு வீங்கியிருக்கு. பத்து நாள் பேசாம இருங்க, சரியாயிடும்" என்றார். பத்து நாள் இரண்டு மாதமாயிற்று. அந்தக் குரல் பிறகு வரவே இல்லை. இன்றைக்கும் அவரிடமிருந்து காகிதம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது.

பேச முடியாதவரிடம் குறி கேட்க முடியாது என்று வெள்ளிக்கிழமைக் கூட்டம் கரைந்தது. ஒரு அம்மாள் மட்டும் விடாமல் சீட்டையும் பேனாவையும் நீட்டி, "எழுதியாவது காட்டு தாயே" என்றார். சித்தப்பா, 'குளியலறையில் வழுக்காத டைல்ஸ் போடவும்' என்று எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பர்ஸில் வைத்துக்கொண்டார். அம்மா பழையபடி அவரைத் "தம்பி" என்று கூப்பிட்டு, டிபன் பாக்ஸில் முட்டை வைத்தாள்.

இத்தனையிலும் சித்தப்பா ஒரு நாளும் அழுது நான் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு விளங்காத மர்மமாக இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் ஸ்டுடியோக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் சிடி, கூடவே சித்தப்பா அங்கே விட்டுவிட்டு வந்த என் நோட்டு. சிடியின் அட்டையில் சின்ன எழுத்தில் 'எழுத்து: பாப்பா' என்று போட்டிருந்தது. நான் குதித்தேன். அப்பா பிளேயரில் போட்டார். கோமாளி என்று சொன்னவர், மூன்றாவது பாட்டிலேயே சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பாட்டாகத்தான் இருந்தது. வேறு எதுவாகவும் இல்லை. சித்தப்பா சுவரில் சாய்ந்து நின்று, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல நோட்டை விரித்து விரல் ஓட்டினேன். பதினோராவது பாட்டின் கடைசிக்கு வந்தபோது என் வரியும் பாட்டில் வந்தது. விரலுக்கு அடியில் பார்த்தேன். நான் எழுதியிருந்த 'எடுத்துக்குவே' என்ற வார்த்தையைக் கறுப்பு மையால் அடித்து, மேலே கோழிக் கிளறல் எழுத்தில் 'எடுத்துக்கோ' என்று எழுதியிருந்தது.

"ஓ, அதுவா பாப்பா? பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே என்கிட்ட பேனா வாங்கித் திருத்தினார். 'பாப்பா தப்பா எழுதிடுச்சு, அன்னிக்கு நான் இப்படிப் பாடல'ன்னு சொல்லிச் சிரிச்சார்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

பாடுவதற்கு முன்னாடி. இந்த வார்த்தையை அன்றைக்கு நான் காதில்கூட வாங்கவில்லை. எடுத்துக்குவே என்றால் நடக்கப்போவதைச் சொல்வது. எடுத்துக்கோ என்றால் கையை நீட்டிக் கொடுப்பது. மாடி அறையில் அந்த வரி அவருக்கும் கேட்டிருக்கிறது. கேட்ட பிறகுதான் என்னிடம் சரியா இருந்ததா என்று கேட்டார், சத்தியமா என்றும் கேட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே என்னைத் தூக்கிச் சுற்றினார்.

ஒன்பது வயதுக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? என் அழகான பக்கத்தைக் கறுப்பு மை போட்டுக் கெடுத்துவிட்டார் என்பதுதான் தெரிந்தது. வெளியாட்கள் முன்னால் தப்பு என்று சொல்லிவிட்டாரே என்பதுதான் உறைத்தது. "'எடுத்துக்குவே'ன்னுதான் பாடுனீங்க! நான் தப்பா எழுத மாட்டேன்!" என்று கத்தினேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். நான் சுண்டுவிரலை நீட்டி, இனிமேல் உங்களோடு பேசமாட்டேன் என்று காய் விட்டேன்.

சித்தப்பா என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலை நீட்டி, பழம் கேட்டார். ஒரு வாரம், தினமும் கடைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வந்ததும் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை.